ராக்கனின் ஐந்து வேலைகள்

உண்மையா என்று ஒருதரம்கூடக் கேட்காமல் ஆயிரக்கணக்கான முறை தன் கையால் எழுதிய ஒரு சொல்லை, தன் தாத்தாவின் பத்திரத்தில் பார்த்தபோது மட்டும் ஒரு மனிதரால் எப்படி உண்மையென்று நம்ப முடிந்தது? ஆலங்குடி ஆத்மநாதனின் வாழ்க்கை என் முன் வைத்த கேள்வி இதுதான். அவர் அறிவில் குறைந்தவர் இல்லை. பொய் சொல்லிப் பழகியவரும் இல்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் தன் ஒரே மகனை வீட்டைவிட்டுப் போகும்படி பேசினார். நம்பியது தவறென்று தெரிந்த பிறகு அதைத் திருத்தப் போனார். திருத்தம் தவறைவிட மோசமாக முடிந்தது.

ஆத்மநாதன் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் தேங்காய் மண்டிக்கும் நடுவில், எட்டுக்குப் பத்து அடியில் அவர் கடை. முப்பத்தைந்து வருஷமாக அதே இடம். என் வீட்டுப் பத்திரத்தை எழுதியவரும் அவர்தான். அளவு, நான்கெல்லை, சர்வே எண் எதிலும் பிழை விடமாட்டார். பழைய பத்திரத்தில் கிழக்கே ஒரு முந்திரித் தோப்பு இருந்து, புதியதில் அது இல்லாவிட்டால், தோப்பு எங்கே போயிற்று என்று தெரியும்வரை வந்தவரை எழுந்திருக்க விடமாட்டார். இந்தக் கவனத்தை நான் மதித்தேன். வேறு எதற்காகவும் அவரைப் புகழ எனக்கு வாய்வராது.

ஆனால் பத்திரத்தின் முதல் பத்தியில், வாங்குகிறவர் விற்கிறவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில் என்று வருகிற இடத்தில் அந்தக் கவனம் அவரைவிட்டுப் போய்விடும். தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதுவார். யாரிடமும் கேட்கமாட்டார். அவருக்கு முன்னால் அந்தக் கடையில் இருந்தவர் வழக்கம் அது. "பெரிய கையா இருந்தா சுகஜீவனம்னு போடு, மத்த எல்லாருக்கும் விவசாயம். மூணாவது ஒண்ணத் தேடாத, நேரம் போயிரும்" என்று அவர் சொல்லியிருந்தாராம். வேலை செய்யாமலே வாழ வசதி உள்ளவர்களுக்குப் போட்ட சுகஜீவனம் காலத்தோடு போய்விட்டது. விவசாயம் மட்டும் மிஞ்சியது. ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த நானும் என் பத்திரத்தில் விவசாயிதான். என் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடிகூடக் கிடையாது.

கம்ப்யூட்டர் வந்தபின் தட்டச்சுக்கு வந்த பொற்கொடி இதை வைத்து அவரைக் கேலி செய்வாள். வாய்த்துடுக்கான பெண். "எங்க வீட்டுக்காரரு பிராய்லர் கடை வச்சிருக்காரு. எங்க எடத்துப் பத்திரத்துல அவரையும் வெவசாயம்னு போட்டுட்டீங்க சார். கோழி எந்த வயல்ல வெளையுதுன்னு இன்னிக்கி வரைக்கும் தேடிக்கிட்டிருக்காரு."

"எடம் ஒன் பேருக்கு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்பறம் என்ன? அத டைப் பண்ணு."

இதுதான் அவர் பதில். நிலம் சரியாக இருக்கிறது, மனிதன் எப்படியிருந்தால் என்ன.

அவர் மகன் வசந்த், மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். இருபத்தேழு வயதுக்குள் நான்கு வேலை பார்த்துவிட்டான். முதலில் செல்போன் டவர் பராமரிப்பு. பிறகு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூட்டாளியோடு கலர் மீன் கடை. அதை மூடிவிட்டு ஜேசிபி ஓட்டினான். அப்புறம் கல்யாண வீடுகளில் ட்ரோன் கேமரா. ஒன்றிலும் அவன் தோற்றுப்போகவில்லை என்று பிரகதாம்பாள், அவன் தாய், எப்போதும் சொல்வார். ஒன்று கைக்கு வந்ததும் அடுத்ததைப் பார்க்கத் தொடங்கிவிடுவான், அவ்வளவுதான். ஆத்மநாதனுக்கு அது நோயாகத் தெரிந்தது. ஒரே நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு வேறெப்படித் தெரியும்?

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மாசியில் ஒரு நாள் வசந்த் ட்ரோனை விற்றுவிட்டு வந்து, போர்வெல் லாரியில் சத்தீஸ்கர் போகப்போவதாகச் சொன்னான். ஆத்மநாதன் உள்ளே போனார். பீரோவிலிருந்து மூன்று பத்திரங்களை எடுத்துவந்து மேசையில் வரிசையாக விரித்தார். அவருடைய பூட்டன் சின்னான் பெயரில் ஒன்று, தாத்தா ராக்கன் பெயரில் ஒன்று, அப்பா பழனிச்சாமி பெயரில் ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, முப்பத்தெட்டு, அறுபத்து நான்கு. மூன்றிலும் தொழில் விவசாயம்.

"படி" என்றார்.

வசந்த் படித்தான்.

"மூணு தலைமுறை. ஒருத்தனாவது வேல மாத்துனானா? நான் படிச்சதால பத்திரத்துக்கு வந்தேன். வந்தவன் அங்கிட்டு இங்கிட்டு அசைஞ்சேனா? இந்த ரத்தத்துல இது இல்லடா. நீ இந்த வம்சத்துல பொறந்தவன்தானா?"

பிரகதாம்பாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். கேள்வி யாருக்குப் போடப்பட்டது என்று அவருக்குத் தெரிந்தது. வசந்த் அம்மாவைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். "சரிப்பா, வாரேன்" என்று மட்டும் சொன்னான். மறுநாள் காலை போனவன் அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு வாரம் ஒருதரம் பேசுவான். ஊரடங்கு நாட்களில் நாற்பது நாள் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் லாரிக்கு அடியிலேயே கிடந்தான். அப்போதும் ஆத்மநாதன் போனை வாங்கிப் பேசவில்லை.

பிரகதாம்பாளின் கோபம் சத்தமில்லாதது. அன்றிலிருந்து கணவரை 'ஏங்க' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "சாப்பாடு இருக்கு", "கரண்டு பில்லு வந்திருக்கு", "ஆள் வந்திருக்கு" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்வார். ஐந்து வருஷம் அந்த வீட்டில் ஒருவர்கூட இன்னொருவரை விளித்து ஒரு வார்த்தை பேசவில்லை.

குலதெய்வக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்த முடிவானபோது பங்காளிகள் கூடி ஒரு விழா மலர் போடத் தீர்மானித்தார்கள். அதில் வம்ச வரலாறு வேண்டும். காகிதம் தெரிந்தவர் என்று பொறுப்பை ஆத்மநாதனிடம் கொடுத்தார்கள். அவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். காரணத்தைப் பொற்கொடியிடம் சொல்லியும் இருக்கிறார்: மலர் அச்சானதும் ஒரு பிரதியை வசந்துக்கு அனுப்புவார். ஊரறிய அச்சில் வந்ததைப் பார்த்தால் அப்பா சொன்னது சரி என்று அவனுக்குப் புரியும், திரும்பி வருவான். அவர் ஆசை அது. மகன் வேண்டும், தான் சொன்னதும் சரியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் என்று நம்பினார்.

வியாழக்கிழமைதோறும் கடையைப் பொற்கொடியிடம் விட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். பழைய சமஸ்தானத்துக் காகிதங்கள் இருக்கும் இடத்தில் மனு கொடுத்துக் காத்திருந்து, அந்தக் காலத்துக் கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பார்த்தார். அவருக்கு வேண்டியது பிறந்த தேதிகள் மட்டுமே. ஆனால் அந்தப் பதிவேட்டில் குழந்தையின் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தகப்பனின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது.

ராக்கனுக்கு ஐந்து குழந்தைகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் மூத்த பெண் பிறந்தபோது ராக்கனின் தொழில்: வண்டியோட்டி. இருபத்தெட்டில் இரண்டாவது குழந்தைக்கு: வளையல் வியாபாரம். முப்பத்தொன்றில் பழனிச்சாமி, அதாவது ஆத்மநாதனின் அப்பா, பிறந்தபோது: கொழும்பில் கூலி. முப்பத்து நான்கில்: கல் உடைப்பு. முப்பத்தெட்டில் கடைசிக் குழந்தைக்கு: நாடகத்தில் மத்தளம்.

அன்று அவர் ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்கு வந்து, கடை பூட்டும்வரை உட்கார்ந்திருந்ததாகப் பொற்கொடி சொன்னாள். அடுத்த வாரமே அவருக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. இது வேறு ராக்கன். ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது வழக்கம்தானே. அந்த வேறு ராக்கனைத் தேடி இரண்டு மாதம் போனார். ஐந்து பதிவிலும் ராக்கனின் தகப்பன் பெயர் சின்னான். ஐந்திலும் குழந்தையின் தாய் பெயர் முனியாயி. ஒரே தெரு. அதே கிராமத்தில் இன்னொரு ராக்கன் இருந்தது உண்மை, ஆனால் அவன் இருபத்திரண்டிலேயே பேதியில் செத்துப்போயிருந்தான். செத்தவன் பிள்ளை பெறமாட்டான். ஆக, மீதமிருந்தது ஒரே ராக்கன்தான். பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் ஐந்து வேலை.

வேலையை ஏன் மாற்றினான் என்று யோசித்து யோசித்து ஆத்மநாதன் களைத்துப்போனார். அந்த நாட்களில் மாலையில் என் வீட்டுக்கு வருவார். வண்டியோட்டி வளையல் விற்கப் போனது புரிகிறது. சந்தைக்குப் பாரம் ஏற்றிப் போனவன் பாரத்தைத் தானே வாங்கி விற்றிருப்பான். வளையல் விற்றவன் ஏன் கப்பலேறினான்? பெண்டாட்டியின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஏன் போனான்? போனவன் ஏன் மூன்று வருஷத்துக்குள் திரும்பினான்? கல் உடைத்த கை மத்தளத்துக்கு எப்படிப் போயிற்று?

"வறட்சியா இருந்திருக்கும்" என்றேன்.

"வறட்சிக்கு ஒருத்தன் மத்தளம் அடிப்பானா சார்?"

இறப்புப் பதிவேட்டில் சாவுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ஒரு வேலையை விட்டதற்குக் காரணம் எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. ராக்கனை நேரில் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அவன் பசியால் மாறினானா, ஆசையால் மாறினானா, துரத்தப்பட்டானா, எங்களுக்குத் தெரியவில்லை, இனியும் தெரியப்போவதில்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையில் முக்கியமானது எதுவோ அதுதான் முதலில் அழிகிறது என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பத்திரத்தில் இருந்த சொல்லே பொய்யாக இருக்கலாம் என்பது அப்போதும் அவர் மனதில் விழவில்லை என்பதுதான் ஆச்சரியம். அது விழுந்தது பங்குனியில், கடையில், ஒரு சாதாரண நடுப்பகலில். ராக்கனின் பத்திரத் தேதியையும் கடைசிக் குழந்தையின் பிறப்புத் தேதியையும் பொற்கொடியிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தார். அவள் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"சார், பத்திரம் வெகுதானிய வருஷம் ஆவணி ஏழு. கொழந்த பொறந்தது ஆவணி பதினாறு. சரியா?"

"சரி."

"ஏழாந்தேதி வெவசாயம் பாத்தவரு பதினாறாந்தேதி மத்தளம் அடிச்சிருக்காரு. ஒம்போது நாள்ல மத்தளம் கத்துக்கிட்டாரா சார்? எம் மகன் ஒம்போது மாசமா கீபோர்டு கிளாஸ் போறான், இன்னும் ஒரு பாட்டு வரல."

அவர் சிரிக்கவில்லை.

"பத்திரம் எழுதுனவரு கேக்காமப் போட்டிருப்பாரு சார்" என்றாள் பொற்கொடி, சாதாரணமாக. "நம்மளும் அப்பிடித்தான போடுறோம்."

ஆத்மநாதன் எழுந்து அலமாரியைத் திறந்தார். முப்பத்தைந்து வருஷத்து நகல்கள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. கைக்கு வந்த கட்டை எடுத்துப் பிரித்தார். தையல்காரர் விவசாயம். லாரி டிரைவர் விவசாயம். இலுப்பூரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் விவசாயம். பள்ளிக்கூட ஆசிரியை, அவரும் விவசாயம். வந்திருந்த ஒருவர் தன் பத்திரம் எப்போது தயாராகும் என்று இரண்டுமுறை கேட்டுவிட்டு, பதில் வராமல், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். ஆத்மநாதன் அடுத்த கட்டைப் பிரித்தார். எத்தனை பிரித்தாலும் ஒரே சொல், அவருடைய அழகான கையெழுத்தில்.

பிரகதாம்பாளிடம் அவர் இதைச் சொன்னார். ஐந்து வருஷத்தில் முதன்முறையாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். மூன்று பத்திரத்தில் எதையும் நம்புவதற்கில்லை, ராக்கன் வசந்தைப் போலவே இருந்திருக்கிறார், சின்னான் என்ன வேலை பார்த்தார் என்பதே இனித் தெரியாது என்றார். பிரகதாம்பாள் முழுவதையும் கேட்டார்.

"இப்பவே போன் போட்டு அவன்கிட்டச் சொல்லுங்க. தப்பாப் பேசிட்டேன்னு ஒரு வார்த்த. அது போதும்."

"வெறும் வாயால சொன்னா நம்பமாட்டான். நகல் எல்லாம் வரட்டும். முழுசாக் கைல வச்சுக்கிட்டுச் சொல்றேன்."

"அவன் என்ன ரிஜிஸ்ட்ராரா, காயிதம் பாக்குறதுக்கு? ஒங்க புள்ள."

அவர் கேட்கவில்லை. மூலப்பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்று எல்லாம் சேராமல் எதையும் பதிவுக்கு அனுப்பாதவர். ஐந்து பிறப்புப் பதிவுக்கும் அத்தாட்சி நகல் கேட்டு மனு போட்டார். ஒவ்வொன்றாக வர நான்கு மாதம் ஆயிற்று. கொழும்புப் பதிவின் நகலில் முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கினார். அந்த நான்கு மாதமும் பிரகதாம்பாள் ஒவ்வொரு ஞாயிறும் மகனோடு பேசிவிட்டுப் போனை அவர் பக்கம் நீட்டுவார். "இன்னொண்ணு வரணும்" என்று அவர் கையசைப்பார்.

இதற்கிடையே மலருக்கான கட்டுரையை எழுதி முடித்திருந்தார். ராக்கனின் ஐந்து வேலையும் அதில் இருந்தது. வசந்தின் ஐந்து வேலையும் இருந்தது. மலர்க் குழுவின் தலைவர் செந்தமிழன், ஒன்றுவிட்ட தம்பி, அரசு ஒப்பந்தக்காரர், அதைப் படித்துவிட்டுக் கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, இது என்ன கூத்து? வம்ச வரலாறு எழுதச் சொன்னா எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் லிஸ்ட்டு எழுதி வச்சிருக்கீங்க."

"நடந்தது அதுதான் தம்பி."

"நடந்ததெல்லாம் எழுதுவாங்களா? எம் மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன். மத்தளம் அடிச்சவரு கொள்ளுப்பேத்தின்னு அச்சடிச்சு வீடு வீடாக் குடுக்கச் சொல்றீங்களா? ஒங்க மகன் கேமரா, ஜேசிபி எல்லாத்தையும் வேற சேத்திருக்கீங்க. வெவசாயக் குடும்பம்னு ஒரே வரில முடிங்க."

"மாத்தமாட்டேன்."

"பிடிவாதம் மட்டும் மாறவே இல்ல ஒங்களுக்கு" என்று செந்தமிழன் போனார். ஆத்மநாதன் அன்று மாலை என்னிடம் வந்து, ஒரு வழக்கில் ஜெயித்தவரைப் போல இதைச் சொன்னார். அவர் முகத்தில் நான் கண்ட கடைசி மகிழ்ச்சி அது. அப்போதே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவரின் மகிழ்ச்சியாக அது எனக்குத் தெரியவில்லை. சரியான ஆதாரம் கிடைத்தவரின் மகிழ்ச்சி அது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்து நகலும் ஒரு ஃபைலில் வரிசையாகச் சேர்ந்த பிறகு, அவர் போனைக் கையில் வாங்கினார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். பிரகதாம்பாள் பக்கத்தில் இருந்தார். பின்னால் எனக்கு இதைச் சொன்னவர் அவர்தான்.

"வசந்து, அப்பா பேசுறேன்."

மறுமுனையில் இயந்திரச் சத்தம் இருந்தது. அவன் கொஞ்சம் தள்ளி நடந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "சொல்லுங்கப்பா."

அவர் சொன்னார். தேதி, பதிவு எண், தொழில் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். வண்டியோட்டி, வளையல் வியாபாரம், கொழும்பு, கல் உடைப்பு, மத்தளம். பத்திரத்தில் இருந்த சொல் எழுதியவன் போட்டது என்பதையும் சொன்னார். "ஒன் பாட்டனுக்கு அப்பாவும் ஒன்ன மாதிரித்தாண்டா. நீ அவரு ரத்தம்தான். எங்கிட்ட எல்லாத்துக்கும் நகல் இருக்கு. கூரியர்ல அனுப்புறேன்."

வசந்த் இடைமறிக்கவில்லை. பிறகு கேட்டான்: "அப்பா, அந்தப் பதிவேடு கெடைக்காமப் போயிருந்தா?"

"என்ன?"

"ராக்கன் தாத்தா சாகுற வரைக்கும் ஏர் மட்டுந்தான் ஓட்டுனாருன்னு அதுல இருந்திருந்தா, இன்னிக்கி எனக்கு போன் போட்டிருப்பீங்களா?"

ஆத்மநாதன் கையிலிருந்த ஃபைலை ஒருமுறை புரட்டினாராம், பதில் அதற்குள் எங்காவது இருப்பதுபோல.

"ஒங்களுக்கு எம் மேல சந்தேகம் வந்துச்சு, இப்ப ராக்கன் தாத்தா வந்து தீத்து வச்சிருக்காரு. நான் ஆதாரம் கேக்கலப்பா. அன்னிக்கும் கேக்கல."

"டேய், தப்புன்னுதானடா சொல்றேன்..."

"பத்திரம் தப்புன்னு சொன்னீங்க." அவன் குரலில் கோபம் இல்லை என்று பிரகதாம்பாள் சொன்னார். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். "கூரியர் வேணாம். லாரில வைக்க எடம் இல்ல. அம்மாகிட்டக் குடுங்க."

பிரகதாம்பாள் போனை வாங்கினார். தாயும் மகனும் பதினோரு நிமிஷம் பேசினார்கள். சமையலுக்கு வந்த பீகார்ப் பையன் சாம்பாரில் கடுகெண்ணெய் ஊற்றியதைப் பற்றி, அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி. ஆத்மநாதன் அவ்வளவு நேரமும் ஃபைலோடு அங்கேயே நின்றார். உட்காரச் சொல்ல பிரகதாம்பாளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் பிரகதாம்பாள் போனை அவர் பக்கம் நீட்டவில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவது மறுபடி தொடங்கியது. ஆனால் இப்போது அதில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. மகன் கேட்டதற்கு என்னிடமாவது ஒரு பதில் இருக்குமா என்று ஆத்மநாதன் ஒருநாள் கேட்டார். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி அவருக்கு ஒரு எண்ணம். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. பதிவேடு கிடைத்திராவிட்டால் அவர் போன் செய்திருக்கமாட்டார். அது அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார்.

இனிமேலாவது வருகிறவர்களிடம் தொழிலைக் கேட்டு எழுதுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு எலெக்ட்ரீஷியன் வீட்டுமனை வாங்க வந்தபோது, "என்ன தொழில்னு போட சார்?" என்று பொற்கொடி வேண்டுமென்றே கேட்டாளாம். ஆத்மநாதன் அந்த ஆளை ஏறிட்டுப் பார்த்தார். அவன் சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது. "வெவசாயம்னு போடு" என்றார். அவள் போட்டாள். அதற்குமேல் அவளும் கேலி செய்யவில்லை.

செந்தமிழன் மறுபடி வந்தார். சண்டைக்குத் தயாராக, இரண்டு பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆத்மநாதன் கட்டுரையை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார். "எது வேணாமோ அடிச்சிருங்க தம்பி." செந்தமிழன் அதை எதிர்பார்க்கவில்லை. "ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?" என்றுகூடக் கேட்டாராம். கடைசியில் வேலைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் பெயர் வரிசையாக, தகப்பனுக்குக் கீழே மகன் என்று, ஒரு பக்கத்தில் போடுவதாக முடிவாயிற்று. ராக்கன் ராக்கனாக மட்டும் நின்றான், வண்டியும் வளையலும் மத்தளமும் இல்லாமல்.

அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு வந்த தாளை முதலில் ஆத்மநாதன் பார்த்தார். எழுத்துப் பிழை பார்த்துத் தர வேண்டுமென்று அதைப் பொற்கொடி மூலம் எனக்கு அனுப்பினார். சின்னான் மகன் ராக்கன். ராக்கன் மகன் பழனிச்சாமி. அதற்கு அடுத்த வரியில், பழனிச்சாமி மகன் ஆத்மநாதன் என்று அச்சாகியிருந்ததன் மேல் நீல மையில் ஒரு நேர்கோடு இழுக்கப்பட்டிருந்தது. கீழே வசந்தின் பெயர் இருந்தது. அவன் பெயருக்கு முன்னால் இருந்த தகப்பன் பெயரும் அடிக்கப்பட்டிருந்தது. சொத்து கைமாறி வந்த சங்கிலியில் ஒரு ஆள் விட்டுப்போனால் அந்தச் சொத்தை வாங்காதே என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

அன்று மாலையே கடைக்குப் போய், இது என்ன என்று கேட்டேன். அவர் வேறு யாருடைய பத்திரத்தையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "மத்தபடி எழுத்தெல்லாம் சரியா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப பிரஸ்ஸுக்கு அனுப்பிருங்க" என்றார்.

குடமுழுக்கு அன்று மலரை வாங்கிய பங்காளிகள் ஆத்மநாதன் பெயரைக் காணோமென்று அச்சகக்காரரைத் திட்டினார்கள். அச்சகத்தின் மேல் பிழையில்லை. அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கி வைத்த அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடித்த இரண்டு இடத்திலும், பத்திரத்தில் செய்வதுபோலவே, பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் இருக்கிறது. தாளின் அடியில், சிறிய தெளிவான எழுத்தில், 'அடித்தல் இரண்டு' என்று எழுதித் தேதியும் போட்டிருக்கிறார்.